உப்பு வியாபாரியின் பெயர்

786
கோரிப்பாளையம், மதுரை
10-2-1946

என் பிரியமுள்ள மச்சான் அவர்களுக்கு ஷரீபா சொல்லும் சலாம். ஆண்டவன் கிருபையால் இங்கே மாமியும் உங்கள் தங்கை சுல்தான் பீவியும் நானும் சுகம். மாமிக்கு முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. உங்கள் இருமல் நின்றதா? கொழும்புக் கடைச் சோறு இப்போதாவது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

ஒரு சங்கதி சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. போன வியாழக்கிழமை நாங்கள் படம் பார்க்கப் போனோம். மாமியே உத்தரவு கொடுத்து, மாமியே கூட வந்தார்கள். ஜட்கா வண்டிக்குத் திரை கட்டிக்கொண்டு போய், பெண்கள் பகுதியில் உட்கார்ந்து பார்த்தோம். படத்தின் பெயர் ‘உப்பு மாளிகை’. யாரோ எழுதிய நாவலைப் படமாக எடுத்திருக்கிறார்களாம். ஒரு ஜின், ராஜகுமாரியைத் தூக்கிப் போய்க் கடல் நடுவே உப்பால் கட்டிய மாளிகையில் வைத்திருக்கிறது. அவள் அழவே கூடாது. கண்ணீர் பட்டால் சுவர் கரைந்துவிடும், அவள் கடலில் விழுந்துவிடுவாள். அவளைத் தேடி ஒரு உப்பு வியாபாரி புறப்படுகிறார். அவர் பறக்கும் தோணியில் ஏறினாரே பார்க்க வேண்டும்! கொட்டகை முழுக்க அவர் பெயரைச் சொல்லிக் கூவியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், கொழும்பில் மட்டும் ஒட்டாமலா இருப்பார்கள்!

மாமிதான், "ஆம்பளைக்கு எதுக்குடி கண்ணுல இம்புட்டு மையி?" என்று கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மை இருந்தால் என்ன? அவர் அவளை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். எனக்கு அது போதும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் ஷரீபா


786
புறக்கோட்டை, கொழும்பு
21-2-1946

அன்புள்ள ஷரீபாவுக்கு சிஹாபுதீன் சலாம். நான் சுகமாக இருக்கிறேன். உன் சுகத்துக்கும் அம்மா, தங்கை சுகத்துக்கும் துஆச் செய்கிறேன். அம்மா காலுக்கு நொச்சி இலையைக் காய்ச்சி ஒத்தடம் கொடு.

நீங்கள் படம் பார்த்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அம்மாவே வந்த பிறகு நான் என்ன சொல்வது? ஆனால் உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். என் இருமலுக்கு ஒரு வரி, அந்த உப்பு வியாபாரிக்கு அரைப் பக்கம். நானும் வியாபாரிதான். இரண்டு வருஷமாகக் காலையில் கடை திறந்ததிலிருந்து சீட்டித் துணியும் மல் துணியும் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக் கை காய்த்துப் போயிருக்கிறது. நான் இங்கே ஏறிவந்தது பறக்கும் தோணி இல்லை, அவ்வளவுதான் குறை.

கண்ணில் மை தீட்டிய கூத்தாடிக்கு ‘அவர்’ என்ன ‘அவர்’? எண்ணிப் பார்த்தேன், மூன்று இடத்தில் இருக்கிறது. உடம்பு சிலிர்த்தது ஏன் என்று எனக்குத் தெரியுமாம். கொட்டகையில் காற்று அதிகமோ என்னவோ.

விளையாட்டாகத்தான் எழுதினேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

சிஹாபுதீன்


786
கோரிப்பாளையம்
9-3-1946

என் மச்சான் அவர்களுக்குப் பல சலாம். நாங்கள் நலம். நொச்சி ஒத்தடத்தில் மாமி எழுந்து நடமாடுகிறார்கள். உங்கள் கைக்கு ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேலி செய்தது எனக்குப் புரியாதா? சிரித்துக்கொண்டேதான் படித்தேன். இப்போது அதைவிடப் பெரிய சந்தோஷம் வந்திருக்கிறது. படம் நன்றாக ஓடுவதைப் பார்த்து அந்த நாவலை மறுபடி அச்சடித்திருக்கிறார்கள். பைண்டிங் வேலை நம்ம தெரு முனையில் உங்கள் சாச்சா மகன் சேக் இஸ்மாயில் தம்பி கடைக்குத்தான் வந்திருக்கிறது. இன்னும் தைக்காத தாள்கள். பதினாறு பதினாறு பக்கமாக மடித்து வைத்திருக்கிறார்கள், ஃபாரம் என்று பெயராம். தம்பி தினம் ஒரு ஃபாரத்தைக் கொண்டு வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்று நீட்டும். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்தது. மொத்தம் இருபது. நான் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வாசல் பக்கமே காதை வைத்திருக்கிறேன்.

மச்சான், படம் ஒன்றுமே இல்லை! படத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு ஒரு நிமிஷத்தில் கடலைத் தாண்டிவிட்டார்கள். புத்தகத்தில் அதற்கே மூன்று ஃபாரம். அந்த ஜின் படத்தில் சும்மா பல்லைக் காட்டிச் சிரித்தது. புத்தகத்தில் ராத்திரியெல்லாம் தூங்காமல் சுவர் சுவராக நக்கிப் பார்க்கிறது, எங்கேயாவது அவள் ஒளிந்து அழுதிருக்கிறாளா என்று. படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவர்கூடப் படத்தில் போலச் சிவப்பு இல்லை. கறுப்பு. தண்ணீரைக் கண்டால் பயம். பயந்துகொண்டேதான் ஏழு கடலும் போகிறார். முதலில் எனக்கு அந்த நடிகர் முகம்தான் வந்து நின்றது. மூன்றாம் ஃபாரத்திலேயே அது அழிந்து போய் வேறு ஒரு முகம் வந்துவிட்டது. யார் முகம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நீங்களே கண்டுபிடியுங்கள்.

சோறு பொங்குகிறது, முடிக்கிறேன்.

ஷரீபா


786
கொழும்பு
17-3-1946

ஷரீபாவுக்கு சலாம். சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

கண்டுபிடி என்று எழுதினாய். இரண்டு நாளாக அதுதான் வேலை. நேற்று ஒரு சிங்களத்துக்காரி நாலு கெஜம் கேட்டதற்கு ஆறு கெஜம் கிழித்துக் கொடுத்து முதலாளியிடம் பேச்சு வாங்கினேன்.

கறுப்பு என்கிறாய். சேக் இஸ்மாயிலும் கறுப்பு. தண்ணீருக்குப் பயம் என்கிறாய். அவன் சின்ன வயதில் வைகை வெள்ளத்தில் போகப் பார்த்தவன். தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டது நான்தான். அன்றிலிருந்து அண்டாத் தண்ணீரைப் பார்த்தாலும் நடுங்குவான். அன்றைக்குக் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

இருபது ஃபாரம், இருபது நாள், தினம் என் வீட்டு வாசல். மொத்தமாக ஒரு கட்டாகக் கொடுத்தால் கை சுளுக்கிவிடுமா அவனுக்கு? இனி அவன் வாசலுக்கு வரக் கூடாது. நீ அந்தக் காதை வாசல் பக்கம் வைக்கவும் கூடாது. இதை நான் விளையாட்டாக எழுதவில்லை.

அம்மாவுக்கு என் சலாம்.

சிஹாபுதீன்


786
கோரிப்பாளையம்
28-3-1946

என் மச்சான் அவர்களுக்கு சலாம். எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். ஆறு கெஜமா!

தெரிந்துகொண்டே தெரியாதது போல எழுத உங்களை மிஞ்ச ஆள் இல்லை. ஆனாலும் சொன்ன சொல்லைத் தட்டக் கூடாது என்று தம்பியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மாமியே கடைக்குப் போய் வாங்கி வருகிறார்கள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் படிக்கப் படிக்க மாமியும் சுல்தானும் கேட்கிறார்கள். அவர் பெயர் வருகிற இடத்தில் மட்டும் நான் நிறுத்திவிடுவேன். சுல்தான் அதைக் கத்திச் சொல்வாள், பிறகு நான் தொடர்வேன். "ஒருக்கா சொல்லித்தான் பாரேன்டி, வாயி வெந்தா போகும்?" என்று மாமி கேலி செய்கிறார்கள். "மதினி மூஞ்சி செவந்து போச்சு" என்று சுல்தான் கைகொட்டுகிறாள். பதினெட்டாம் ஃபாரம் முடிந்திருக்கிறது. புத்தகம் தீரப் போகிறதே என்று இப்போது வரிகளை மெதுவாகப் படிக்கிறேன்.

உங்களுக்கு ஒரு பிரதி தைத்து அனுப்பச் சொல்லட்டுமா? இருமல் எப்படி இருக்கிறது என்று ஏன் எழுதவில்லை?

ஷரீபா


786
கொழும்பு
6-4-1946

ஷரீபாவுக்கு.

நான் உயிரோடு இருக்கிறேன்.

எனக்குப் புத்தகம் வேண்டாம். உன் கடிதத்தை வைத்துக்கொண்டே யோசித்தேன். நம் பக்கத்தில் ஒரு பெண் வாயால் சொல்லக் கூசுகிற பெயர் ஒன்றே ஒன்றுதான், கட்டியவன் பெயர். அந்தப் பெயர் வரும் இடத்தில்தான் அவள் பேச்சை நிறுத்துவாள், முகம் சிவப்பாள். ஒரு கதையில் வருகிறவன் பெயருக்கு நீ அப்படிச் சிவந்தால் அவன் உனக்கு யார்? அந்தப் பெயரை வைத்துக்கொண்டு உண்மையில் நீ யாரை நினைக்கிறாய்?

எனக்கு வயிறு எரிகிறது. மறைத்து எழுதத் தெரியவில்லை. இரண்டு வருஷமாக உன்னை நினைத்துக்கொண்டு இங்கே நான் துணிக்கட்டின் மேல் படுத்துக் கிடக்கிறேன். அங்கே நீ எவனோ ஒருவனோடு ஏழு கடல் சுற்றுகிறாய்.

அவன் பெயரை உன் கைப்பட எழுதி அனுப்பு. உன் மனதில் கள்ளம் இல்லாவிட்டால் எழுதுவாய். அது வரும் வரை என்னிடமிருந்து கடிதம் வராது.

சிஹாபுதீன்


786
கோரிப்பாளையம்
19-4-1946

என் மச்சான் அவர்களுக்கு சலாம். நாங்கள் சுகம். ஆற்றில் சித்திரைத் திருவிழாக் கூட்டம், மூன்று நாளாகத் தெருவில் கால் வைக்க முடியவில்லை. அதனால் பதில் தாமதம்.

இதற்குத்தானா இவ்வளவு கோபம் நடித்தீர்கள்? நல்ல தந்திரம்! இந்த விளையாட்டை நம் கல்யாணம் ஆன புதிதிலேயே ஆடிப் பார்த்துத் தோற்றவர்தானே நீங்கள்? நேரில் நடக்காதது கடலுக்கு அப்பால் இருந்து நடந்துவிடுமா? வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்கள், எழுதுகிறேன். அந்தப் பெயரை மட்டும் எழுத மாட்டேன். நீங்கள் ஊருக்கு வாருங்கள், கதவைச் சாத்திக்கொண்டு காதில் வேண்டுமானால் சொல்கிறேன். அதுவும் சந்தேகம்தான்.

புத்தகம் முடிந்துவிட்டது. படத்தில் ஜின்னை வாளால் வெட்டி அவளைத் தூக்கி வந்தார். புத்தகத்தில் வாளே கிடையாது. அவர் வெளியே நின்று கூப்பிடுகிறார். சத்தம் கேட்டதும் அத்தனை வருஷமும் அழாதவள் வேண்டுமென்றே உட்கார்ந்து அழுகிறாள். மாளிகை கரைந்து கடலில் விழுகிறாள். தண்ணீருக்குப் பயந்தவர் குதித்துவிடுகிறார். இதை ஏன் படத்தில் விட்டார்கள் என்று எனக்கு ஆறவே இல்லை. கடைசிப் பக்கத்தை நாலு தரம் படித்தேன், மாமி நாலு தரமும் அழுதார்கள்.

நோன்புக்கு முன்னால் வந்துவிடுவீர்களா?

ஷரீபா


786
கொழும்பு
2-5-1946

சோழவந்தான் கொடிக்கால் பாதுஷா ராவுத்தர் மாமா அவர்களுக்கு மருமகன் சிஹாபுதீன் மரியாதையுடன் எழுதும் சலாம். தங்கள் உடல் நலத்துக்கும் வெற்றிலை விளைச்சலுக்கும் ஆண்டவன் அருள் புரியட்டும்.

மாமா, எழுதக் கூடாததை எழுதுகிறேன். ஷரீபாவின் மனது என்னிடம் இல்லை. மூன்று மாதமாக அவள் கடிதம் முழுக்க வேறு ஒருவன். கதைப் புத்தகத்தில் வருகிறவன் என்கிறாள். அவன் பெயரை எழுதி அனுப்பு என்றேன், மாட்டேன் என்று சிரிக்கிறாள். கதையில் வருகிறவன் பெயரை எழுத எந்தப் பெண் மறுப்பாள்? கதை வெறும் சாக்கு. தாள் கொண்டுவந்து கொடுத்த சேக் இஸ்மாயில் மேல் எனக்குச் சந்தேகம். அவளை அழைத்துப் போய் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை நீங்கள் கேட்டு எழுதுங்கள். தெரிந்த பிறகு ஜமாஅத்தில் சொல்லி நல்லபடியாகப் பிரிந்துகொள்ளலாம். என் அம்மாவுக்கு இப்போது தெரிய வேண்டாம்.

தங்கள் மருமகன்
சிஹாபுதீன்


786
சோழவந்தான்
18-5-1946

மாப்பிள்ளை அவர்களுக்குப் பாதுஷா ராவுத்தர் துஆ. இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. கொடிக்காலுக்குத் தண்ணீர் விடும் முறை வந்ததால் பதில் தாமதம் என்று எழுத நினைத்தேன். அது பொய். கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். அடங்கவில்லை, எழுதுகிறேன்.

ஷரீபாவை அழைத்து வந்துவிட்டேன். பிறந்த வீட்டில் பத்து நாள் இருக்கலாம் என்ற சந்தோஷத்தில் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அத்தா, மச்சான் வெளையாடுறாக, நீங்க ஏன் மெரளுறீக?" என்றாள். ஜமாஅத் என்ற வரியை இரண்டு தரம் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. "எங்கிட்டயாவது அந்தப் பேரைச் சொல்லும்மா" என்றேன். "அந்தப் பேரை எனக்குப் பேசி முடிச்சதே நீங்கதான அத்தா? எங்கிட்டக் கேட்டா நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றாள்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. மறுநாள் மதுரைக்குப் போய், சுவரில் பாதி கிழிந்திருந்த நோட்டீஸை எழுத்துக் கூட்டிப் படித்தேன். முழ நீள எழுத்தில் ‘உப்பு வியாபாரி சிஹாபுதீன்’ என்று போட்டிருக்கிறான். உங்கள் பெயர்தான் மாப்பிள்ளை. கொட்டகையில் அவள் கேட்டுச் சிலிர்த்ததும், படிக்கும்போது விழுங்கியதும் உங்கள் பெயர்தான். வேறு ஆள் யாரும் இல்லை.

என் மகள் ஒரு வாரமாக விடியும் முன்னே எழுந்துவிடுகிறாள். தோட்டத்துக்கு வந்து வெற்றிலை கிள்ளுகிறாள், போகிறாள். சேக் இஸ்மாயில் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் இனிச் சொல்லாதீர்கள்.

பாதுஷா ராவுத்தர்


786
கொழும்பு
29-5-1946

என் கண்ணான ஷரீபாவுக்கு, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத சிஹாபுதீன் எழுதுவது. நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா?

நான் சுவரைப் பார்க்காத மடையன். கடைக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவே குனிந்த தலை நிமிராமல் நடக்கிறவன். எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்து நீ எழுதியிருக்கிறாய். எனக்கு ஒன்றுமே தெரியாமல் போயிற்று. மாமாவின் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். எல்லோர் எதிரிலும் அழுதேன்.

என்னை மன்னித்துவிடு. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

சிஹாபுதீன்


786
கொழும்பு
11-7-1946

ஷரீபாவுக்கு சலாம். இது நான்காவது கடிதம். மூன்றுக்கும் பதில் இல்லை. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

தெரிந்தவர் ஒருவர் மூலம் அந்தப் புத்தகத்தை வரவழைத்து இரண்டே நாளில் படித்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இன்னும் பொறாமைதான். என் பெயரை வைத்துக்கொண்டு அவன் என்னைவிட எவ்வளவு நல்லவனாக இருக்கிறான்! ராஜகுமாரியை ஜின் வைத்திருக்கிறது என்று ஊரே ஆயிரம் சொல்கிறது, அவன் ஒரு தரம்கூட அவளைச் சந்தேகப்படவில்லை. ராத்திரியில் சுவரை நக்கிப் பார்க்கிற ஜின்னைப் பற்றிப் படித்தபோதுதான் நான் அந்தக் கதையில் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தது.

பெருநாளுக்கு முந்தின நாள் ரயிலில் நேராகச் சோழவந்தானுக்கே வருகிறேன். முதலாளியிடம் சொல்லியாயிற்று. வேண்டாம் என்றால் எழுது. எழுதாவிட்டால் வருவேன்.

சிஹாபுதீன்


786
சோழவந்தான்
16-8-1946

சிஹாபுதீன் அவர்களுக்கு, பாதுஷா ராவுத்தர் மகள் ஷரீபா எழுதுவது. நான் சுகம்.

ஆமாம், எழுதிவிட்டேன். என் கைப்பட எழுதி அனுப்பச் சொன்னீர்களே, அதுதான். சிஹாபுதீன். மூன்று வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். எழுதினால் பேனாவே நழுவிவிடும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. சுல்தான் பீவி என்று எழுதுவது போல, சோழவந்தான் என்று எழுதுவது போல எழுத வந்துவிட்டது. உங்கள் கடிதத்தை அத்தா படித்துக் காட்டியபோதுகூட நான் அழவில்லை. இதை எழுதிப் பார்த்த பிறகுதான் அழுதேன்.

நான் பார்த்த அந்த வேறு முகம் யாருடையது என்று கேட்டீர்கள். போன தடவை நீங்கள் கொழும்புக்குப் புறப்பட்டபோது நானும் மாமியும் மண்டபம் வரை வந்து வழியனுப்பினோம். கடல் பாலத்தில் ரயில் ஏறுகிறதற்கு முன்னாலேயே ஜன்னலோரத்தில் ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வைகை வெள்ளத்தில் ஆளை இழுத்துக் கரை சேர்த்தவர்தான், ஆனாலும் கடல் தண்ணீரைக் கண்டால் அவருக்கும் பயம். வீட்டுக்காக அந்தப் பயத்தோடேயே போகிறார் என்று எனக்கு அவர் மேல் அவ்வளவு பெருமை. அந்த முகம்தான். அதன் மேல்தான் நீங்கள் இஸ்மாயில் தம்பி முகத்தை ஒட்டினீர்கள்.

பொறாமை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மட்டும் இல்லையா? அந்த ராஜகுமாரி மேல் எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? அவளைத் தேடி ஒருவர் வந்தார், பெயரைச் சொல் என்று மிரட்டவில்லை.

பெருநாளுக்கு முந்தின நாள் அத்தாவோடு நானும் ஸ்டேஷனுக்கு வருவேன். ரயில் நின்றதும் மச்சான் என்று கூப்பிட மாட்டேன். கூலிக்காரர் முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வரை காதில் விழும்படி உங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். அத்தனை பேர் நடுவிலும் நீங்கள் திரும்பி ‘என்ன ஷரீபா’ என்று கேட்டால் அன்றைக்கே கோரிப்பாளையம் போவோம். தலையைக் குனிந்துகொண்டு நின்றால், திரும்பிப் போகிற ரயில் எத்தனை மணிக்கு என்று அத்தாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

ஷரீபா